படி எடுத்தலும் படித்தலும்

புரட்டாசி மாதம் பிறந்து நவராத்திரி நெருங்கும் நாட்களில் ஆரியசாலையில் வாழும் நம்மவர் உள்ளத்தில் ஓர் எதிர்பார்ப்பு எழும். பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரசுவாமி ஆகிய மூன்று திருமேனிகளும் ஊர்வலமாகப் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் வந்து சேரும். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலிலும், குமாரசுவாமி நம் ஆரியசாலை அம்மன் கோயிலிலும் எழுந்தருளுவர். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தினின்றும் இங்கு மாறிய பின்னர் ஏற்பட்ட வழக்கம் இது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்து, பத்மநாபபுரம் ஒரு மாநிலத்திலும் திருவனந்தபுரம் மற்றொரு மாநிலத்திலும் ஆயின. ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை. களியக்காவிளை எல்லையில் இன்றும் கேரள அரசின் சார்பில் வரவேற்பு நடைபெறுகிறது.

இதே நவராத்திரிக் காலத்தில்தான் கைப்பேசிக் கடைகளிலும் கூட்டம் மிகுகிறது. விழாக்காலத் தள்ளுபடியில் புதிய திறன்பேசி வாங்குவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “பழைய போனில் உள்ளதெல்லாம் இதில் வந்துவிடுமா?” கடைக்காரரும், “எல்லாம் வந்துவிடும்” என்று ஒரே விடையைக் கூறுகிறார். ஆண்டுக்கணக்கில் சேர்த்த நிழற்படங்களும் செய்திகளும் பெயர்களும் ஓரிரு மணி நேரத்தில் ஒரு கருவியினின்று மற்றொரு கருவிக்குச் சென்றுவிடுகின்றன. நம் மூதாதையர் கனவிலும் கண்டிராத வசதி இது. இதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், ‘எல்லாம்’ என்ற சொல்லையும் ‘வந்துவிடும்’ என்ற சொல்லையும் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. அவ்வாறு எண்ணிப் பார்க்கத் தவறியதனால் எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம்.

எங்கள் அத்தை ஒருவர் தக்கலையில் வாழ்ந்தார். எல்லைக்கு அப்பால் அவரும் இப்பால் நாங்களுமாக அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. முதுமையில் அவருக்கு ஒரு திறன்பேசி வாங்கிக் கொடுத்தோம். எழுத்துகளைத் தட்டி அனுப்ப அவர் விரல்களுக்கு இயலவில்லை. அவர் தமிழில் எழுதி அனுப்பினாலும் எங்கள் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது. அவர்கள் பள்ளியில் கற்றவை மலையாளமும் ஆங்கிலமும் இந்தியுமே. ஆகையால் அத்தை வாட்ஸ்அப் வழியாகக் குரற்செய்திகளையே அனுப்பி வந்தார். ஒரு தை மாதத்தில் அவர் காலமானார். அவ்வாண்டு புரட்டாசியில் நாங்கள் புதிய திறன்பேசி வாங்கினோம்.

கூகுள் கணக்கில் காப்புப்படி இருந்தது. வாட்ஸ்அப்பிலும் காப்புப்படி எடுத்தோம். புதிய கருவியில் அவற்றை மீட்டோம். பெயர்களும் படங்களும் உரையாடல்களும் வந்துவிட்டன. மகிழ்ச்சியுடன் பழைய கருவியிலிருந்தவற்றை முற்றிலும் அழித்து, விலைக்கழிவுக்காகக் கடையில் கொடுத்துவிட்டோம். சில நாட்கள் கழித்தே ஓர் உண்மை தெரிந்தது. அத்தையுடன் நிகழ்த்திய நீண்ட தொலைபேசி உரையாடல்கள் சிலவற்றைப் பழைய கருவி பதிவு செய்து வைத்திருந்தது. அக்கோப்புகள் கருவியின் உள்ளே தனியொரு கோப்புறையில் இருந்தவை. நாங்கள் எடுத்த காப்புப்படி அழைப்புகளின் பட்டியலையும் அமைப்புகளையும் செயலிகளின் தரவுகளையும் கொண்டு சென்றதேயன்றி, அந்தக் கோப்புறையைத் தொடவில்லை. கருவியைக் குறை கூற வழியில்லை. அதன் வழக்கம் அது. பார்க்க வேண்டியவர் நாங்கள், நாங்கள் பார்க்கவில்லை.

அத்தையின் குரல் போய்விட்டதே என்று வீட்டில் அனைவரும் வருந்தினோம். அவ்வருத்தத்தில், வந்து சேர்ந்தவற்றிலாவது ஏதேனும் உள்ளதா என்று தேடியபோது, அவர் எங்கள் எண்ணுக்குத் தனியே அனுப்பிய குரற்செய்திகள் வரிசையாக இருப்பதைக் கண்டோம். அவற்றில் முப்பத்தொன்று நாங்கள் ஒருமுறையேனும் கேட்காதவை. ‘மாலையில் கேட்கலாம்’, ‘ஞாயிறன்று கேட்கலாம்’ என்று ஒத்தி வைத்தவை. வாட்ஸ்அப்பில் குரற்செய்தியைப் பெற்றவர் கேட்கும்வரை, அனுப்பியவரின் திரையில் அதன் ஒலிவாங்கிச் சின்னம் சாம்பல் நிறமாகவே இருக்கும், கேட்டபின் நீலமாகும். நாங்கள் கேட்கவில்லை என்பதை அத்தையின் திரை அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். அவர் அதனைக் கவனித்தாரோ இல்லையோ, ஒருநாளும் எங்களிடம் கேட்டதில்லை. அடுத்த செய்தியை அனுப்பிக்கொண்டேயிருந்தார்.

இழந்தவற்றுக்காக அழுத நாங்கள், இழக்காதவற்றை ஏன் கேட்காமல் இருந்தோம்? அன்று எங்களைத் தாக்கிய இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

தமிழில் ‘படி’ என்ற சொல்லுக்குப் பொருள்கள் பல. சாலைக் கடைவீதியில் ஒருகாலத்தில் நெல்லும் பயறும் அளந்த முகத்தல் அளவு படி. ஏறிச் செல்லும் படிக்கட்டும் படி. ஒன்றைப் பார்த்து எழுதிய பிரதியும் படி. எழுத்தைக் கண்ணால் கண்டு பொருளுணர்தலும் படித்தல். படி எடுத்தலும் படித்தலும் ஒரே ஒலியில் அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஓலைச்சுவடிக் காலத்தில் அவ்விரு செயல்களும் பிரிக்க இயலாதவையாகவே இருந்தன. ஓர் ஏட்டைப் படி எடுப்பவன் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணால் கண்டு, வாயால் முணுமுணுத்து, எழுத்தாணியால் கீற வேண்டியிருந்தது. படிக்காமல் படி எடுக்க அவனால் முடியாது. இன்றைய கருவியோ ஓர் எழுத்தையும் படிக்காமல் அனைத்தையும் படி எடுத்துவிடுகிறது. காக்கும் தொழிலைக் கருவி ஏற்றுக்கொண்டது. படிக்கும் தொழிலை அது ஏற்கவில்லை. அத்தொழில் நம்மிடமே நிற்கிறது. கருவி செய்துவிட்டதாக எண்ணி நாம் அதனைக் கைவிட்டுவிட்டோம்.

படி எடுத்தலைப் பற்றித் தமிழர் அறிந்திருக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சியை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியுள்ளார். சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்த அவர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியருடைய ஏடுகள் இருந்தன என்று கேட்டு அங்குச் சென்றார். ஆனால் அவ்வேடுகள் நெய்யில் தோய்க்கப்பட்டு வேள்வித் தீயில் இடப்பட்டன என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது, அவ்வாறு தீக்கு அளிப்பதே முறை என்று அங்குள்ளோர் காரணம் கூறினர். ஐயர் அந்த வழக்கத்தின் முன்வரலாற்றையும் விளக்குகிறார். பழுதுற்ற ஏட்டைப் புதிய ஏட்டில் படி எடுத்துக்கொண்ட பின்னரே பழையதைத் தீயில் இடுவது முன்னோர் முறை. பின்வந்தவர்கள் படி எடுப்பதை மறந்தார்கள். தீயில் இடுவதை மட்டும் மறவாமல் பற்றிக்கொண்டார்கள்.

இதனைப் படித்தபோது எம் நெஞ்சு சுட்டது. பழைய கைப்பேசியில் உள்ளவற்றை அழித்துவிட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இன்றைய கருவிகள் தம்முள் உள்ளவற்றை மறைகுறியாக்கி வைத்திருக்கின்றன. முற்றாக அழிக்கும் கட்டளையை இட்டதும் அம்மறைகுறியின் திறவுகோல் அழிந்துவிடும். அதன்பின் மீட்க வழியில்லை. வேள்வித் தீயும் இதனினும் முற்றாக எரிப்பதில்லை. அழிப்பதற்கு முன் புதிய படியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, குறைவின்றி உள்ளதா என்று உறுதி செய்வதே முன்னோர் முறையின் முதற்பாதி. நாங்கள் அந்த முதற்பாதியைச் செய்யாமல் இரண்டாம் பாதியைச் செய்தவர்கள்.

சேர நாட்டில் வாழும் நமக்கு மற்றொரு சான்றும் நெருங்கியது. சேர மன்னர்களைப் பாடிய பதிற்றுப்பத்தில் பத்துப் பத்துகள் இருந்திருக்க வேண்டும். ஐயர் 1904ஆம் ஆண்டு அதனை அச்சிட்டபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. ஓலைக்கட்டின் தொடக்கமும் முடிவும்தாம் எளிதில் சிதைவன. யாரோ ஒருவர் ஒருமுறை கூடுதலாகப் படி எடுத்திருந்தால், வேறோர் ஊரில் ஒரு சுவடி கூடுதலாக இருந்திருந்தால், இருபது பாடல்கள் நமக்கு மிஞ்சியிருக்கலாம். கணினித் துறையினர் இன்று கூறும் விதியும் ஏறத்தாழ இதுவே: மூன்று படிகள் வேண்டும்; அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும்; அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் எடுத்து வைப்பது அச்சத்தின் செயலாகத் தோன்றலாம். அது உண்மையில் பின்வருவோர்பால் காட்டும் அன்பு.

இனி, படிகள் அனைத்தும் குறைவின்றி இருந்தாலும் போதுமா என்பதைக் காண்போம். ஆரியசாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கோட்டைப் பகுதியில், ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. திருவிதாங்கூர் அரசின் நிலக்கணக்குகளும் ஆணைகளும் சுருட்டி வைத்த ஓலைகளாக அரசு ஆவணக் காப்பகத்தில் குவிந்து கிடக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என அவற்றின் எழுத்துமுறைகள் பல. தைலம் பூசி, பூச்சி அரிக்காமல் காக்கிறார்கள். ஆனால் அவ்வெழுத்துகளைத் தடையின்றிப் படிக்க வல்லவர் மிகச் சிலர். ஓலை பிழைத்துவிட்டது, படிப்பவர் மரபு மெலிந்துவிட்டது. காக்கப்பட்டதாயினும் படிக்கப்படாத ஏடு, பூட்டிய அறையில் பேசிக்கொண்டிருக்கும் மனிதனைப் போன்றது.

இது ஆவணக் காப்பகத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. சாலைக் கடைவீதியில் தலைமுறைகளாக வணிகம் செய்த நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பழைய பேரேடுகள் இரும்புப் பெட்டிகளில் உள்ளன. அவற்றில் உள்ள தமிழ் எண்களை நம் பிள்ளைகள் அறியார். தாத்தா எழுதிய கடிதங்கள் உள்ளன. அவ்வெழுத்தை அவர்கள் அறியார். அவற்றையெல்லாம் படம் பிடித்துக் கைப்பேசியில் ஏற்றிவிடலாம். ஒரு புள்ளியும் குறையாமல் பெங்களூருக்கும் துபாய்க்கும் அனுப்பிவிடலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் அவை படங்களாகவே இருக்கும்; கடிதங்களாக இரா. புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு மெய்யான இழப்பு கருவி மாறும்போது நேர்வதில்லை. கருவிக்குள் இருப்பதைப் படிக்கும் கண்ணும் கேட்கும் செவியும் இல்லாமற் போகும்போது நேர்கிறது.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். “ஆயிரக்கணக்கான படங்களையும் செய்திகளையும் யாரால் பார்க்க முடியும்? எல்லாவற்றையும் சுமந்து திரிவதைவிட மறப்பது நன்றன்றோ?” என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. வள்ளுவரும் நன்றியை மறத்தலைக் கடிந்த அதே அதிகாரத்தில், பிறர் செய்த தீமையை உடனே மறந்துவிடச் சொன்னவர் அல்லரோ! உறவினருடன் நிகழ்ந்த பூசலின் சான்றுகளைப் படமாகப் பிடித்து, கருவிக்குக் கருவி மாற்றி, பத்தாண்டுகள் சுமப்பவர்களை நாம் அறிவோம். அவற்றைப் பழைய கருவியுடன் விட்டுவிடுவதே அறம். ஆனால் எதனை விடுவது, எதனைக் கொள்வது என்று தேர்வதற்கும் படித்தல் வேண்டும். படிக்காமல் அனைத்தையும் கொள்வதும் படிக்காமல் அனைத்தையும் விடுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

தேர்ந்து கொள்வதன் ஆற்றலுக்குச் சான்று நம் தெருவிலேயே உண்டு. எழுத்தாளர் ஆ. மாதவன், 1934ஆம் ஆண்டு பிறந்து 2021ஆம் ஆண்டு மறைந்தவர், சாலைக் கடைவீதியில் பாத்திரக்கடை நடத்தியவர். அவர் கடைமுன் நாள்தோறும் எத்தனையோ பேர் கடந்து சென்றனர். அவர் அனைவரையும் பதிவு செய்யவில்லை. சுமை தூக்குவோர், சிறு வணிகர், திக்கற்றோர் என ஒரு சிலரை உற்றுநோக்கினார். அவர்களை எழுதினார். அச்சிலரின் வழியாகத்தான் பழைய சாலைத் தெரு இன்று நம் கண்முன் நிற்கிறது. இன்றைய கண்காணிப்புக் கருவி அத்தெருவை இரவும் பகலும் படம் பிடிக்கிறது. அதனிடம் ஒரு கதையும் இல்லை.

கருவியில் உள்ளவை யாவும் நம்முடையவை என்று எண்ணுவதும் ஆராயத்தக்கது. நண்பர் நம்பி அனுப்பிய அடையாளச் சான்றின் படமும், தோழி ஒருத்தி இரவில் எழுதிய துயரமும், மருத்துவ அறிக்கையும், பிறர் குழந்தைகளின் படங்களும் நம் கருவியில் உள்ளன. அவை நம்மிடம் அடைக்கலமாக வந்தவை. அவற்றை அழிக்காமல் பழைய கருவியைக் கைமாற்றுவது அடைக்கலப் பொருளைத் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும். ஆகவே, படி எடுக்கும் கடமை ஒருபுறமும் அழிக்கும் கடமை மறுபுறமும் உள்ளன. முன்னது நம்மை விட்டுச் சென்றவர்களுக்கும், பின்னது நம்முடன் வாழ்பவர்களுக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன்.

மேகச் சேமிப்பில் இட்டுவிட்டோம், இனி அழிவில்லை என்று அமைதி கொள்வோரும் உளர். அங்குள்ள இடம் வாடகை வீடு போன்றது. கூகுள் நிறுவனம் நிழற்படங்களுக்கு அளவின்றி அளித்துவந்த இலவச இடத்தை 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளுடன் நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விடப்பட்ட தனிநபர் கணக்குகளை அழிக்கக்கூடும் என்று 2023ஆம் ஆண்டு அறிவித்தது. காலமானவரின் கணக்கை யார் தொடப் போகிறார்? அதற்கும் முன்னேற்பாடு உண்டு. நாம் நெடுநாள் வாராதபோது நம் கணக்கிலுள்ளவை யாரிடம் சேர வேண்டும் என்று முன்னரே குறித்து வைக்கும் வசதியை அந்நிறுவனம் 2013ஆம் ஆண்டு முதலே அளித்துவருகிறது. ஆப்பிள் நிறுவனமும் மரபுரிமைத் தொடர்பாளரைக் குறிக்கும் வசதியை 2021ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. நிலத்துக்கு உயில் எழுதும் நாம், குரலுக்கும் ஓர் உயில் எழுதலாகாதா?

குமாரசுவாமியின் வருகைக்கே மீள்வோம். ஆரியசாலைக்கென ஒரு படிமத்தைப் புதிதாக வார்த்து வைத்திருந்தால் ஆண்டுதோறும் இத்தனை பேர் இத்தனை தொலைவு நடக்க வேண்டியதில்லை. ஆயினும் வேளிமலைத் திருமேனியையே சுமந்து வந்து, விழா முடிந்ததும் சுமந்து செல்கிறோம். சுமப்பவர் தோளும், நடப்பவர் காலும், வழியில் நின்று வரவேற்பவர் கையும் இல்லையெனில் அவ்வழக்கம் நின்றுவிடும். எந்த நினைவும் தானே வந்து சேர்வதில்லை. ஒருவர் சுமந்து வர வேண்டும் என்பதை அவ்வூர்வலம் நமக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறது.

நவராத்திரியின் இறுதி நாட்களில் நூல்களையும் ஏடுகளையும் கலைமகள் முன் அடுக்கி வைக்கிறோம். இந்நாட்டார் அதனைப் பூசை வைப்பு என்பர். அடுக்கிய பின் அவற்றைத் தொடுவதில்லை. விசயதசமியன்று பூசையெடுப்பு. அன்று நூலை எடுத்தால் மட்டும் போதாது. திறந்து ஒரு பக்கமேனும் படித்தாக வேண்டும். குழந்தைக்கு முதலெழுத்து அறிவிப்பதும் அன்றுதான். காப்பில் வைத்தது கண்ணுக்கும் நாவுக்கும் திரும்பும் நாள் ஒன்றை முன்னோர் வகுத்து வைத்தனர். நம் கைப்பேசிகளில் பூசை வைப்பு நாள்தோறும் நடைபெறுகிறது. எடுப்பு நாளை நாம் இன்னும் வகுக்கவில்லை.

கடந்த விசயதசமியன்று நாங்கள் ஒன்று செய்தோம். பூசையெடுப்பு முடிந்ததும் பிள்ளைகளை அமரவைத்து, அத்தையின் முப்பத்தொரு செய்திகளையும் வரிசையாகக் கேட்டோம். வெயிலைப் பற்றியும் முருங்கை காய்த்ததைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் சொல்லியிருந்தார். ஒரு செய்தி முந்தைய ஆண்டு புரட்டாசியில் வந்தது. “மக்களே, சாமி இன்னைக்குப் பொறப்பட்டாச்சு. நாளை மறுநாள் அங்க வந்திருவாரு. பிள்ளையளக் கூட்டிட்டுப் போய்க் கும்பிடுங்க. நான் இங்க இருந்து கும்பிட்டாச்சு” என்பதே அச்செய்தி. அவ்வாண்டு நாங்கள் கோயிலுக்குச் செல்லவில்லை. ஒவ்வொரு செய்தியையும் கேட்டு முடித்தபோது அதன் சின்னம் நீலமாக மாறியது. அதனைக் காண அத்தை இல்லை.

கேட்டு முடித்ததும் எங்கள் இளைய பெண், “அத்தைப்பாட்டி பேசியதை நான் தமிழிலேயே எழுதி வைக்கட்டுமா?” என்றாள். அவளுக்கு இப்போது உயிரெழுத்துகள் முடிந்து மெய்யெழுத்துகள் நடைபெறுகின்றன. முப்பத்தொரு செய்திகளையும் எழுத நெடுங்காலம் ஆகும். ஆகட்டும். அவள் எடுக்கும் அந்தப் படியே எங்கள் இல்லத்தில் மெய்யான காப்புப்படி.